ரேஸிங் கேம்களில் கார் அப்கிரேட்: எந்த கிரைண்ட் உங்கள் நேரத்துக்குத் தகும்?

புதிதாக ஒரு ரேஸிங் கேம் வாங்கப் போகிறவர்கள் கிராஃபிக்ஸைப் பார்க்கிறார்கள், எத்தனை கார் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள், தங்கள் ஸ்டீயரிங் வீல் அதில் வேலை செய்யுமா என்று விசாரிக்கிறார்கள். அந்த கேமில் ஒரு காருக்கு நல்ல டயரும் சஸ்பென்ஷனும் எந்த வழியில் கிடைக்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வாங்கி இரண்டு வாரம் கழித்து எரிச்சல் வருவது சரியாக அந்த இடத்தில்தான்.

பணமும் புள்ளியும் சேர்க்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் கிரைண்ட் என்கிறார்கள். அது என்றாலே கெட்டது என்று சொல்கிற ஆட்கள் ஒரு பக்கம், கஷ்டப்பட்டுச் சேர்த்தால்தான் காரின் அருமை தெரியும் என்கிறவர்கள் இன்னொரு பக்கம் என்று வருஷக் கணக்கில் இந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இரண்டிலும் முழுதாக இல்லை. ஒரே பந்தயத்தைப் பத்து தடவை ஓட்டுவது எனக்குப் பிரச்சனையே இல்லை, நிஜ ஓட்டுநர்களும் அதைத்தான் செய்கிறார்கள். நான் பார்ப்பது இரண்டு விஷயம். அடுத்து காரில் எதை மாற்றுவது என்ற முடிவு என்னிடம் இருக்கிறதா? அப்புறம், இன்னொரு மனிதரோடு ஆன்லைனில் மோதும்போது அவர் என்னைவிட அதிக நேரம் விளையாடியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவர் கார் வேகமாக இருக்குமா? இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இப்போது சந்தையில் இருக்கும் முறைகளைப் பார்க்கலாம்.

முதலில் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட், ஏனென்றால் இந்த விவாதம் சமீபத்தில் மிகச் சூடாக நடந்தது அதை வைத்துத்தான். 2023 அக்டோபரில் டர்ன் 10 ஸ்டூடியோ உருவாக்கி வெளிவந்த இந்த கேமில், முந்தைய ஃபோர்ஸாக்களில் இருந்த வழக்கம் மாறியது. பணம் இருந்தால் பார்ட்ஸ் வாங்கலாம் என்பது போய், ஒவ்வொரு காருக்கும் தனியாக 1 முதல் 50 வரை லெவல் வந்தது. அந்தக் காரை ஓட்ட ஓட்ட லெவல் ஏறும், லெவல் ஏற ஏற பார்ட்ஸ் திறக்கும், திறந்ததைப் பொருத்த அந்தக் காருக்கே உரிய கார் பாயின்ட் வேண்டும். உருவாக்கியவர்களே இதை ரோல் பிளேயிங் கேமோடு (ஆர்.பி.ஜி.) சேர்த்து ‘கார்-பி-ஜி’ என்று அழைத்தார்கள். திருப்பங்களை நீங்கள் எவ்வளவு சுத்தமாக எடுக்கிறீர்கள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் 10-க்கு மதிப்பெண் போட்டு, அதிலிருந்தும் அனுபவப் புள்ளி தருவார்கள். யோசனையாகப் பார்த்தால் அழகான யோசனை. காரை எதையும் மாற்றாத ஸ்டாக் நிலையில் ஓட்டி, அது எங்கே வழுக்குகிறது, பிரேக் எங்கே தாமதமாகப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டு போவது. இதை ஆதரித்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது: இதன் சகோதரத் தொடரான ஃபோர்ஸா ஹொரைஸனில் கேரேஜில் நூற்றுக்கணக்கில் கார் குவிந்துவிடும், அதில் முக்கால்வாசியின் ஸ்டீயரிங்கை ஒரு தடவைகூடத் தொட்டிருக்க மாட்டோம். இங்கே இருபது கார்தான் இருக்கும், ஆனால் இருபதையும் தெரியும்.

ஆனால் நடைமுறையில் எங்கே இடித்தது என்றால், திறக்கும் வரிசையில். ஹோண்டா சிவிக் டைப் ஆர் போன்ற ஒரு முன்சக்கர இழுவைக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் மூக்கு வெளியே போகும், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் நேராகத்தான் போகப் பார்க்கும். அதற்கு மருந்து கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் பின்பக்க ஆன்டி-ரோல் பார், இழுவையைச் சக்கரங்களுக்குப் பிரிக்கும் நல்ல டிஃபரன்ஷியல், முன் டயர்கள். குதிரைத்திறன் அதற்குக் கடைசித் தேவை. காரின் பாகங்களை மாற்றிச் சரிசெய்யும் ட்யூனிங் தெரிந்த எவருக்கும் இந்த வரிசை தெரியும். ஆனால் கேம் இந்த லெவலில் இந்தப் பார்ட்ஸ்தான் என்று முன்பே தீர்மானித்து வைத்திருக்கும்போது, கார் என்ன கேட்கிறது என்று கண்டுபிடித்த அறிவுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது. எனக்கு என்ன வேண்டும் என்று தெரியும், அது மேலே ஏதோ ஒரு லெவலில் பூட்டிக் கிடக்கிறது, அதுவரை எனக்குத் தேவையில்லாத எக்ஸாஸ்டும் ஏர் ஃபில்டரும் வரிசையாக வந்துகொண்டிருக்கும். காரைத் தெரிந்துகொள்ளச் செய்கிறோம் என்று சொல்லிக் கொண்டுவந்த முறை, காரைத் தெரிந்தவரைத்தான் அதிகம் தடுத்தது.

இன்னொன்று, ட்யூனர்கள். ஃபோர்ஸாவில் பல வருஷங்களாக ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது, அவர்களுக்கு பந்தயத்தைவிட காரைக் கட்டுவதில்தான் ஆசை. ஒரு மாலைக்குள் நான்கு கார்களை எடுத்து, ஒரே திறன் வகுப்புக்குள் அடைத்துப் பார்த்து, எது அந்த ட்ராக்கில் வேகம் என்று சோதிப்பார்கள், கிடைத்த ட்யூனை மற்றவர்களுக்குப் பகிர்வார்கள். அப்படிப்பட்டவரிடம் ஒவ்வொரு காருக்கும் முதலில் சில மணி நேரம் ஓட்டிவிட்டு வா என்றால், அவருடைய பொழுதுபோக்கையே கேம் மூடிவிட்டது என்று அர்த்தம். வெளியீட்டிலேயே 500 கார்கள் இருந்த கேம் அது. விளைவாக மக்கள் என்ன செய்தார்கள்? எதிரிகளை மிகச் சுலபமாக வைத்துக்கொண்டு நீண்ட பந்தயங்களைத் தனியாக ஓட்டி லெவலை மட்டும் ஏற்றினார்கள். எந்தப் பாடத்துக்காக அந்த முறை வந்ததோ, அந்தப் பாடத்தை யாரும் படிக்கவில்லை.

இதில் டர்ன் 10-ஐப் பாராட்ட வேண்டிய இடமும் உண்டு. எதிர்ப்பைக் கேட்டு 2024 மார்ச்சில் வந்த ஆறாவது அப்டேட்டில் பார்ட்ஸை லெவலுக்குக் காத்திராமல் கிரெடிட் (கேமுக்குள் புழங்கும் பணம்) கொடுத்து வாங்கும்படி மாற்றினார்கள். எனவே இன்றைக்கு அந்த கேமை எடுப்பவர் 2023-இல் படித்த விமர்சனங்களை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அப்கிரேட் விஷயத்தில் அது இப்போது வேறு கேம். அந்த மாற்றம் கேம் வெளியாகி ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தது, அதற்குள் போனவர்களில் பலர் திரும்பவில்லை என்பது தனிக் கதை.

அடுத்தது பணம் சேர்த்து வாங்கும் முறை. இது பழைய வழி. 1997-இல் ஜப்பானில் வந்த முதல் கிரான் டூரிஸ்மோ கையில் 10,000 கிரெடிட் கொடுத்து ஒரு பழைய காரை வாங்கிக்கொள் என்று விட்டுவிடும், அங்கிருந்து லைசென்ஸ் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் ஜெயித்து, மெதுவாக மேலே வர வேண்டும். இந்த முறையின் பலம் என்னவென்றால் பணத்துக்கு வரிசை கிடையாது. ஜெயித்த காசில் டயர் வாங்கலாம், டர்போ வாங்கலாம், இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த காருக்குச் சேர்க்கலாம். தப்பான முடிவு எடுத்தால் அதுவும் உங்களுடையது, அதிலிருந்தும் ஏதாவது தெரிந்துகொள்வீர்கள். எனக்கு வேண்டிய முதல் விஷயம் இங்கே முழுசாக இருக்கிறது.

இதன் பலவீனம் விலையும் வரவும் நிறுவனத்தின் கையில் இருப்பது. கிரான் டூரிஸ்மோ 7 இதற்குச் சரியான உதாரணம், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் ஒரே கேமுக்குள் நடந்தது. 2022 மார்ச் 4 அன்று வெளியானது. அந்த மாதமே ஒரு அப்டேட்டில் சில பந்தயங்களின் பரிசுத் தொகையைக் குறைத்தார்கள், அதே சமயம் சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது, தனியாக விளையாடும் பகுதிக்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்பதால் காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் கேரேஜுக்குள்கூடப் போக முடியவில்லை. கடையில் 20 லட்சம் கிரெடிட் சுமார் 20 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. பரிசைக் குறைத்ததும் இந்த விற்பனையும் சேர்ந்து பார்க்கும்போது மக்களுக்கு என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பயனர் மதிப்பெண் அதலபாதாளத்துக்குப் போனது. தயாரிப்பாளர் கசுனோரி யமௌச்சி, ஒரே போட்டியை இயந்திரம் போல திரும்பத் திரும்ப ஓட்டும் நிலையைத் தவிர்க்க விரும்புவதாகவும், கார்களின் விலை அவற்றின் நிஜ மதிப்பைக் காட்ட வேண்டும் என்றும் விளக்கம் எழுதினார். பிறகு எல்லாருக்கும் 10 லட்சம் கிரெடிட் கொடுத்தார்கள், ஏப்ரலில் பரிசுத் தொகைகளை உயர்த்தினார்கள், கையில் வைத்துக்கொள்ளக்கூடிய கிரெடிட்டின் உச்சவரம்பை 2 கோடியிலிருந்து 10 கோடியாக்கினார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தால் இன்றைய நிலை புரியும். டோக்கியோ எக்ஸ்பிரஸ்வேயில் நடக்கும் 600 பிபி (காரின் திறனைக் குறிக்கும் புள்ளி) வேர்ல்ட் டூரிங் கார் பந்தயத்தில் யாரையும் இடிக்காமல் முதலாவதாக வந்தால் சுத்தமாக ஓட்டியதற்கான 50 சதவீதம் சேர்ந்து 8,25,000 கிரெடிட். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2 கோடி விலையுள்ள ஒரு பழம்பெரும் காருக்கு 25 தடவை ஜெயிக்க வேண்டும். அதாவது பத்து மணி நேரத்துக்கு மேல், ஒரே ட்ராக், ஒரே சுவர்கள். உண்மைப் பணத்தில் வாங்கினால் 200 டாலர். இது ஒரு காருக்கு. பார்ட்ஸைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு மோசமில்லை. டயர், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லாம் கடையில் நியாயமான விலையில் இருக்கின்றன, கார் சேர்க்கச் சேர்க்க ஏறி பார்ட்ஸைத் திறக்கும் கலெக்டர் லெவலும் சீக்கிரம் ஏறிவிடும். ஆகவே இந்த கேமில் உண்மையான கிரைண்ட் அருமையான கார்களைச் சேகரிப்பதில்தான் இருக்கிறது, ஓட்டுவதற்கு அது தேவையே இல்லை. ஒரு எச்சரிக்கை: எடைக் குறைப்பு, இன்ஜினைப் பெரிதாக்குவது போன்ற சில வேலைகளைச் செய்தால் கழற்ற முடியாது. பிடித்த காரில் கை வைக்கும் முன் யோசித்துச் செய்யுங்கள்.

இந்த கேமில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. ஆன்லைன் ஸ்போர்ட் மோடில் பெரும்பாலான போட்டிகள் பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் எனப்படும் சமன்படுத்தும் விதியில் நடக்கின்றன, உங்கள் காரில் என்ன பார்ட்ஸ் இருந்தாலும் கேம் அதை ஒதுக்கிவிட்டு எல்லாருடைய காரின் சக்தியையும் எடையையும் தானே நிர்ணயிக்கும். பல போட்டிகளுக்குக் கார் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, வாடகைக்குக் கொடுப்பார்கள். நேற்று வாங்கியவரும் மூன்று வருஷமாக ஓட்டுபவரும் ஒரே காரில். அங்கே தோற்றால் அவர் நன்றாக ஓட்டினார், அவ்வளவுதான். ஸ்போர்ட் மோட் திறக்க கேமுக்குள் இருக்கும் கஃபேயில் ஒன்பது மெனு புக் (சிறு பணிகளின் பட்டியல்) முடிக்க வேண்டும், அது பெரிய வேலை இல்லை. கிரைண்டைத் தனி ஆட்டத்தில் வைத்துவிட்டு போட்டியை அதிலிருந்து பிரித்த இந்த ஏற்பாட்டுக்காகவே இந்த கேமின் மற்ற குறைகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

இதே பண முறையின் மறுபக்கம் ஃபோர்ஸா ஹொரைஸன் 5. மெக்சிகோவில் நடக்கும் இந்த கேமில் கிரெடிட் மழைபோலக் கொட்டும், வீல்ஸ்பின் என்ற பரிசுச் சக்கரத்தைச் சுற்றினால் காரும் காசும் வரும், எந்தக் காரை வாங்கினாலும் அடுத்த நிமிஷமே இன்ஜினையே மாற்றி நான்கு சக்கர இழுவையாக்கிக்கொள்ளலாம். முடிவு முழுக்க நம்முடையது. வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் ஒருவருக்கு, அதிலும் காரைக் கட்டிப் பார்ப்பதில் ஆசை உள்ளவருக்கு, யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒன்றைச் சேர்த்து ஒன்றை அடைந்தோம் என்ற திருப்தி வேண்டும் என்பவருக்கு இது இரண்டு வாரத்தில் சலித்துவிடும். அவர் நீட் ஃபார் ஸ்பீட் ஹீட் பக்கம் போகலாம். 2019-இல் வந்த அதில் பகலில் ஓட்டினால் பணம், இரவில் ஓட்டினால் ரெப் எனப்படும் பெயர். பெயர் இருந்தால்தான் நல்ல பார்ட்ஸ் திறக்கும், பணம் இருந்தால்தான் அதை வாங்க முடியும். இரவில் போலீஸ் துரத்தல் கூடக்கூட கிடைக்கும் பெயரும் பெருகும், பிடிபட்டால் அந்தப் பெருக்கம் போய்விடும். இன்னும் ஒரு பந்தயமா, இல்லை கேரேஜுக்கு ஓடிவிடலாமா என்று ஒவ்வொரு ராத்திரியும் முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அதே பந்தயத்தைத்தான் மறுபடி ஓட்டுகிறோம், ஆனால் ஒரு தடவை ஓட்டியது போல இன்னொரு தடவை இருக்காது. கிரைண்டை இவ்வளவு உயிரோடு வைத்த ரேஸிங் கேம் குறைவு.

மூன்றாவது, அதிர்ஷ்டத்தில் பார்ட்ஸ் விழும் முறை. இதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை, வேண்டாம் என்பதுதான் என் பதில். 2017 நவம்பரில் வந்த நீட் ஃபார் ஸ்பீட் பேபேக்கில் பார்ட்ஸ் எல்லாம் ஸ்பீட் கார்டு. பந்தயம் முடிந்ததும் மூன்று சீட்டு கவிழ்த்து வைத்து ஒன்றை எடு என்பார்கள், வேண்டாத கார்டுகளைக் கொடுத்து டோக்கன் வாங்கி, மூன்று டோக்கனுக்கு ஒரு முறை சூதாட்ட இயந்திரம் போன்ற ஒன்றைச் சுற்றலாம். கடையில் இருப்பது குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறைதான் மாறும். கார் பந்தயக் கேமில் டர்போ வாங்க கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வைத்தார்கள். கூச்சல் கிளம்பி, வெளியான சில நாட்களிலேயே வரவுகளைக் கூட்டினார்கள், ஆனால் அடிப்படை அப்படியேதான் இருந்தது. தி க்ரூ 2-விலும் பார்ட்ஸ் பந்தய முடிவில் எண்ணோடு விழும், முந்தையதைவிட எண் பெரிதாக இருந்தால் மாட்ட வேண்டியது. அந்தப் பார்ட்ஸ் காரின் நடத்தையை என்ன செய்கிறது என்று யோசிக்க இடமே கிடையாது.

நம் ஆட்களில் நிறையப் பேர் ரேஸிங் கேம் விளையாடுவது போனில்தான், அங்கே இந்த மூன்றாவது வகைதான் ராஜ்யம் நடத்துகிறது. அஸ்ஃபால்ட் தொடரில் கார் திறக்கவே ப்ளூப்ரின்ட் என்ற அட்டைகளைச் சேர்க்க வேண்டும், அப்புறம் அதே காருக்கு நட்சத்திரம் ஏற்ற மேலும் ப்ளூப்ரின்ட், அவை பொட்டலம் பிரிக்கும்போது வந்தால் உண்டு. காருக்கு எரிபொருள் தீர்ந்தால் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். மல்டிபிளேயரில் எதிரே வரும் கார் உங்களைவிட மேல் நட்சத்திரம் என்றால் நீங்கள் எவ்வளவு அருமையாக ட்ரிஃப்ட் செய்தாலும் நேர்ச்சாலையில் அவர் கடந்து போய்விடுவார். இலவசமாகக் கிடைக்கிறது, பஸ்ஸில் பத்து நிமிஷம் ஓட்டலாம், பார்க்க அழகாக இருக்கிறது, அதற்கு மேல் அதில் நேரத்தைப் போடாதீர்கள். முக்கியமாக வீட்டுப் பிள்ளைகளின் போனில் கார்டு விவரம் சேமித்து வைக்காதீர்கள்.

கடைசி வகை அப்கிரேடே இல்லாதது. அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிஸியோனே, இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி செய்தது. வாங்கியதும் அதிலுள்ள ஜிடி3 எனப்படும் பந்தய வகைக் கார்கள் எல்லாம் முதல் நாளே திறந்திருக்கும், போர்ஷேவோ ஃபெராரியோ எதை எடுத்தாலும் ஒரு ரூபாய் கேட்காது. மாற்றக்கூடியது செட்டப் மட்டும்: டயர் காற்றழுத்தம், விங் கோணம், முன், பின் பிரேக்குகளுக்கு இடையிலான விகிதமான பிரேக் பயாஸ், சக்கரம் வழுக்காமல் பார்க்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோல். டயர் அழுத்தம் சரியில்லை என்றால் பத்தாவது சுற்றில் கார் சொல்லிவிடும். இங்கே ஏறுவது உங்கள் ரேட்டிங்தான். ஐரேஸிங் என்ற ஆன்லைன் பந்தய சிமுலேட்டரும் இதே வழிதான், ரூக்கியில் தொடங்கி டி, சி, பி, ஏ என்று லைசென்ஸ் ஏற வேண்டும், இடிக்காமல் ஓட்டினால் ஏறும். ஆனால் அது மாதச் சந்தா கேட்கும், அதோடு வரும் சிலவற்றைத் தவிர மற்ற கார், ட்ராக் ஒவ்வொன்றையும் தனித்தனியாக டாலரில் வாங்க வேண்டும், நம் ஊர்ச் சம்பளத்துக்கு அது லேசான செலவு இல்லை. நேரத்துக்குப் பதிலாகப் பணத்தை எடுக்கிறது, அதை மறைக்காமல் எடுக்கிறது.

இந்த வகையில் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் கேரேஜில் எதுவும் மாறாது. நேற்றைவிட அரை நொடி வேகமாக ஓட்டினேன் என்பதில் சந்தோஷம் வருகிறவர்களுக்கு அது போதும், ஒரு சிவப்பு நிறப் பழைய காரை வாங்கி அதற்குப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்து வளர்க்க ஆசைப்படுபவருக்கு இது வறண்டு தெரியும். அந்த ஆசை சாதாரண ஆசை இல்லை, நிறையப் பேர் ரேஸிங் கேமுக்குள் வந்ததே அதனால்தான்.

முடிவு எடுக்கும் முன் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். நீங்கள் சேர்ப்பது யாருடைய சர்வரில் இருக்கிறது? 2014-இல் வந்த முதல் தி க்ரூவின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. எப்போதும் இணைப்பு கேட்கும் கேம் என்பதால் அத்தோடு அது திறக்கவே இல்லை, பத்து வருஷமாக மக்கள் சேர்த்த கார், பார்ட்ஸ், நிலை எல்லாம் ஒரே நாளில் போனது. அதற்குப் பிறகு எழுந்த எதிர்ப்பில்தான் தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் முறை தருவதாக யூபிசாஃப்ட் அறிவித்தது. நூற்றுக்கணக்கான மணி நேரம் கிரைண்ட் கேட்கும் கேம் இணையம் இல்லாமல் திறக்காது என்றால், அந்த மணி நேரங்களை ஓட்டும் சந்தோஷத்துக்காக மட்டும் கொடுங்கள், சேர்த்த சொத்து நாளைக்கும் இருக்கும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது எதை வாங்குவது? கன்ட்ரோலரோடு வாரக்கடைசியில் மட்டும் விளையாடுபவர், காரைக் கட்டிப் பார்க்க ஆசை என்றால் ஹொரைஸன் 5. கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், கதையும் வேண்டும் என்றால் ஹீட், அது தள்ளுபடியில் மிகக் குறைந்த விலைக்கு அடிக்கடி வரும். பி.எஸ்.5 இருக்கிறது, சேகரிப்பும் வேண்டும் போட்டியும் வேண்டும் என்றால் கிரான் டூரிஸ்மோ 7, ஆனால் அந்த 2 கோடி கார்களை மறந்துவிட்டு ஸ்போர்ட் மோடில் இருங்கள். ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட், ட்ராக்கில் ஓட்ட ஆசைப்படும் எக்ஸ்பாக்ஸ், பி.சி. ஆட்களுக்கு, இன்றைய நிலையில் தைரியமாக எடுக்கலாம். வீல் வாங்கியாயிற்று, தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய முடியும், மனிதர்களோடு மோதுவதுதான் நோக்கம் என்றால் காம்பெட்டிஸியோனே. இவற்றில் எதை எடுத்தாலும் கடைக்குள் கிரெடிட் விற்கிறார்களா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், விற்றால் அடுத்த அப்டேட்டின் குறிப்புகளில் பரிசுத் தொகை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொரு தடவையும் படியுங்கள்.